ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

லோன் போட்டு வீடு கட்டுகிறவனுக்குக் கடைசியில் வருகிற கண்டம், பெயின்ட்.

விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குத் திண்டிவனத்தில் புது வீடு. ஹாலுக்கு அவர் ஆஃப் ஒயிட் கட்சி, சம்சாரம் ஐவரி கட்சி. “ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். “உங்க கண்ணுக்கு எல்லாமே ஒண்ணுதாங்க!” அன்றிலிருந்து டிபன் பாக்ஸில் தினமும் தயிர்சாதம்தான்.

அம்மணி சொன்னது நியாயம். இரண்டுக்கும் அடிப்படை டைட்டானியம் டை ஆக்ஸைடு என்கிற வெள்ளைப் பவுடர். (மணவாளக்குறிச்சி கடற்கரைக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து இதை எடுக்கலாம். கறுப்பை வெள்ளையாக்குவது! வருமான வரிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.) அதில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் ஐவரி. மஞ்சளைக் குறைத்தால் ஆஃப் ஒயிட். சில துளி வித்தியாசம்தான். பெயரை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தகராறு எங்கே என்றால், கலர் பார்த்தது விழுப்புரத்துக் கடையில், சுவர் இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கடை டியூப் லைட்டில், தபால்தலை சைஸ் கார்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நண்பரின் ஹாலிலோ மேற்கு ஜன்னல், சிவப்புத் தரை. சாயங்கால வெயில் தரையில் பட்டுச் சுவரில் ஏறும்போது ஐவரி சந்தனமாகிவிடும். வெயிலே வராத வடக்கு ரூமில் ஆஃப் ஒயிட் சாம்பல் பூத்து நிற்கும். சுவருக்கென்று சொந்தமாக ஏது கலர்? விழுகிற வெளிச்சத்தில்தான் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது.

தாத்தாக்கள் இதை அறிந்தவர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் துளி நீலம் போட்டார்களே, சும்மாவா? பழுப்பை நீலம் அமுக்கிவிடும். வேட்டிக்கும் அதே வைத்தியம்.

நண்பருக்கு நான் சொன்னது: கலந்து கொடுத்த பெயின்டைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஆர்டர் கொடுக்குமுன் இரண்டிலும் சின்ன டப்பா வாங்குங்கள். பிரைமர் மேல் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட். பக்கத்தில் பக்கத்தில் அடிக்காதீர்கள், கண் வித்தியாசத்தைப் பெரிசு பண்ணிக் காட்டும். ஈரத்தில் தீர்ப்பு வேண்டாம். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் கூடும். காலை, மாலை, ராத்திரி எல்.இ.டி. வெளிச்சம் என்று மூன்று வேளையும் பாருங்கள்.

முடிவானதும் கோடு நம்பரைச் சுவருக்குப் பின்னால் அல்ல, டைரியில் எழுதுங்கள். பாதிச் சுவரில் தீர்ந்துபோனால் புது பக்கெட்டை அப்படியே தொடராமல், மிச்சத்தோடு கலந்து அடிக்கச் சொல்லுங்கள். பெயின்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.