வைத்திய மாணவர்களும் இடமாற்றமும்

எம். பி. பி. எஸ். பட்டம் பெற்று, தேச முழுமைக்கும் பொதுவான நுழைவுப் பரீட்சையிலும் தேறி, எம். டி. அல்லது எம். எஸ். பட்டத்துக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேரும் இளம் வைத்தியர், அன்று முதல் மூன்று வருஷ காலத்துக்கு அந்த ஆஸ்பத்திரியின் சுவர்களுக்குள் கட்டுண்டவராகிறார். எந்நிலையிலும் வேறு கலாசாலைக்கு மாற அனுமதிக்கலாகாது என்பது 2000-ம் வருஷத்து விதி. 2020-ம் வருஷம் செப்டம்பரில் இந்திய மெடிக்கல் கவுன்ஸில் மறைந்து, தேசிய மெடிக்கல் கமிஷன் அதன் ஸ்தானத்தில் அமர்ந்தது. ஸ்தாபனம் மாறிற்று, தடை மாறவில்லை. அதைத் தளர்த்த வேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

தடைக்கு நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பரீட்சையில் பின்தங்கியவர், பணத்தின் பலத்தால் எங்கோ ஒரு தனியார் கலாசாலையில் நுழைந்து, பின்னர் செல்வாக்கைக் கொண்டு சர்க்கார் கலாசாலைக்குத் தாவிவிடக்கூடும். யோக்யதையும் இட ஒதுக்கீடும் அவ்வாறு புறக்கடை வழியாகக் கொள்ளை போவதை நாம் ஒருகாலும் சகியோம். ஆனால் திருடன் புகுவானென்று அஞ்சி, வீட்டிலுள்ளவரும் வெளியேற முடியாதபடி வாசலைச் சுவரெழுப்பி அடைப்பது விவேகமாகுமா?

மூன்று வருஷம் என்பது சிறு காலமன்று. அதற்குள் தகப்பனார் பக்கவாதத்தில் விழலாம், கைக்குழந்தையுடைய ஒரு பெண் வைத்தியரின் கணவர் ஆயிரம் மைலுக்கப்பால் உத்தியோகம் பார்க்கலாம், மாணவரே நோய்வாய்ப்படலாம், துறைத் தலைவரின் கொடுமை பொறுக்க முடியாததாகலாம். இவர்களுக்கு இன்றுள்ள வழிகள் இரண்டே: சகித்திருப்பது, அல்லது படிப்பைத் துறப்பது. துறந்தாலோ, பல ராஜ்யங்களில் லக்ஷக்கணக்கான ரூபாய் அபராதம் கட்டவேண்டும். இவ்வபராதத்தை விட்டொழிக்குமாறு 2024-ம் வருஷம் ஜனவரியில் கமிஷனே ராஜ்ய சர்க்கார்களுக்கு யோசனை கூறிற்று. நோயை அறிந்துகொண்ட கமிஷன், மருந்தைப் பாதியோடு நிறுத்திவிட்டதே என்பதுதான் நமது குறை.

வெளியிடப் பயிற்சியின் கதையும் இத்தகையதே. 2019-ம் வருஷத்தில் ஆரம்பமான எம். பி. பி. எஸ். பாடத்திட்டம், மாணவர் தாம் விரும்பிய துறையில் பயில்வதற்கென்று இரண்டு மாதங்களை ஒதுக்கிற்று. பின்னர் அது குறைக்கப்பட்டது. மேற்பட்டப் படிப்பிலோ, பிற ஆஸ்பத்திரிக்குச் சென்று சில வாரம் பயில்வது பெரும்பாலும் துறைத் தலைவரின் தயவைப் பொறுத்தது. சிறு நகரத்துக் கலாசாலையில் கண் வைத்தியம் பயிலும் ஒருவர் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியிலும், புற்றுநோய்ச் சிகிச்சை பயிலும் ஒருவர் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் இரண்டு மாதம் நின்று கற்றால், லாபம் யாருக்கு? அவர் கையால் பின்னால் சிகிச்சை பெறப்போகும் ஏழை ஜனங்களுக்கன்றோ?

"மாணவர் வெளியே போனால் வார்டை யார் கவனிப்பது?" என்று நிர்வாகிகள் கேட்பார்கள். இக்கேள்வியே உண்மையை வெளிப்படுத்துகிறது. கற்க வந்தவரைக் கூலியாளாக எண்ணும் மனோபாவம் இது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாதென்று, கமிஷன் நியமித்த ஒரு குழு 2024-ல் சிபார்சு செய்ய நேர்ந்ததென்றால், உள்ள நிலைமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேலும், சர்க்காருக்குத் தேவை நேர்ந்தபோது இந்தச் சுவர் தானே திறந்ததைப் பார்த்தோம். மேற்பட்ட மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் வேலை செய்தே தீரவேண்டுமென்று 2020-ம் வருஷத்தில் விதி செய்தார்கள். அக்காலத்திலும் தாய்க் கலாசாலையே உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. அந்த மாதங்கள் பயிற்சியாகவே கணக்கிடப்படுகின்றன. அவ்விதியை நாம் வரவேற்கிறோம். கிராம ஜனங்களுக்கு அது நன்மை. ஆயினும் சர்க்கார் அனுப்பினால் பயிற்சி, மாணவர் விரும்பிச் சென்றால் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்?

நம்மை ஆண்டு சென்ற இங்கிலாந்தில், பயிற்சி வைத்தியரின் உடல்நலத்திலோ குடும்பப் பொறுப்பிலோ எதிர்பாராத மாறுதல் ஏற்பட்டால், ஒரு பிராந்தியத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விண்ணப்பிக்க முறையுண்டு. அமெரிக்காவில், புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி, மாணவரின் முந்திய பயிற்சியையும் திறமையையும் பற்றிய அத்தாட்சியைப் பழைய இடத்திலிருந்து பெறவேண்டுமென்பது நியதி. அங்கெல்லாம் வைத்தியக் கல்வி பாழாகிவிட்டதா?

நாம் கோருவது கட்டுப்பாடற்ற சுதந்திரமன்று. நோய், குடும்ப ஆபத்து, நிரூபிக்கப்பட்ட கொடுமை ஆகிய காரணங்களுக்கு மட்டும் மாற்றம் அளிக்கலாம். சேரவிரும்பும் கலாசாலையில் அதே துறையில், அதே பிரிவில், அவ்வருஷம் கடைசியாக இடம்பெற்றவரின் ஸ்தானத்துக்குக் குறையாதவராக விண்ணப்பதாரர் இருக்க வேண்டுமென்று விதித்தால், புறக்கடை தானே அடைபடும். நடுவில் ஒருவர் விலகிய இடம் அத்தொகுதி முடியும்வரை பாழாகக் கிடக்கிறதே. அதில் இவர்களை அமர்த்தலாம். முடிவு செய்வது, இரு கலாசாலைகளையும் சாராத ஒரு குழுவாக இருக்கட்டும். காரணங்களை எழுத்து மூலம் வெளியிடட்டும். வெளியிடப் பயிற்சிக்கு மூன்று வருஷத்தில் இரண்டு மாதத்தை உரிமையாகவே கொடுக்கட்டும்.

பிறர் உயிரைக் காக்கக் கற்பவரின் உயிரும் உள்ளமும் சர்க்காருக்குப் பாரமாகத் தோன்றலாகாது. கமிஷனார் இதில் இனியும் காலதாமதம் செய்யாமல், விதியைத் திருத்த முன்வர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். நமது சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கமாட்டார்களென்று நம்புகிறோம்.