சம்பள உயர்வுக்கே ‘நோ’ சொன்ன விமானிகள்: சொந்தச் சங்கத்தின் மேலேயே கோபம் ஏன்?

‘18 மாதங்களில் 14 சதவீதத்துக்கு மேல் சம்பளம் ஏத்தித் தர்றோம்’ என்கிறது உங்கள் நிறுவனம். உங்கள் சங்கத் தலைவர்களும் ‘நல்ல டீல்தான், ஓகே பண்ணிடுங்க’ என்கிறார்கள். வேண்டாம்னு சொல்வீங்களா?

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் சொன்னார்கள். 2022 நவம்பர் தொடக்கத்தில் வெளியான முடிவில், வாக்களித்தவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் ஒப்பந்தத்தை நிராகரித்திருந்தார்கள். அடி நிறுவனத்துக்கு மட்டும் விழவில்லை. அந்த டீலைப் பேசி முடித்த சங்கத் தலைமைக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

இந்தப் பழைய கதை இப்போது முக்கியமாகக் காரணம் உண்டு. டெல்டா விமானிகளின் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31-ல் திருத்தத்துக்கு வருகிறது. யுனைடெட், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒப்பந்தங்கள் 2027-ல் வருகின்றன. ‘நம்ம தலைவர்கள் நமக்காகத்தான் பேசுறாங்களா?’ என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றுப் பேச்சுக்கு முன்பும் எழுவதுதான்.

2022-ல் என்ன நடந்தது?

யுனைடெட் விமானிகளின் பழைய ஒப்பந்தம் 2019 ஜனவரியிலேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது. பேச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கொரோனா வந்தது. 2020-ல் சுமார் 2,850 விமானிகளைச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் அனுப்ப நிறுவனம் திட்டமிட்டது. அதைத் தடுக்க, எல்லோருமே வேலை நேரத்தையும் அதற்கான சம்பளத்தையும் குறைத்துக்கொள்ள விமானிகள் சம்மதித்தார்கள்.

2022 கோடையில் நிலைமை தலைகீழ். விமானங்கள் நிரம்பி வழிந்தன, விமானிகளுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில்தான் பெரிய நிறுவனங்களில் முதல் ஆளாக யுனைடெட் டீலை அறிவித்தது. ஆனால், அந்த ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 சதவீதம். சில நாட்களிலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்குச் சுமார் 17 சதவீத உயர்வை முன்வைத்தது. ‘மார்க்கெட் நம்ம பக்கம் இருக்கும்போது இவ்வளவு சீக்கிரம் ஏன் கையெழுத்து?’ என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஜூலையில் சில அம்சங்களை மறுபடி பேச சங்கமும் நிறுவனமும் ஒப்புக்கொண்டும் கோபம் அடங்கவில்லை.

யுனைடெட்டில் மட்டும் இப்படி இல்லை. முடிவு வெளியான அதே வாரத்தில், அமெரிக்கன் விமானிகளின் சங்கமான அலைடு பைலட்ஸ் அசோசியேஷனின் இயக்குநர் குழு, தங்கள் நிறுவனத்தின் முன்மொழிவை 15-5 என்ற வாக்கில் தள்ளுபடி செய்தது. அங்கே டீல் உறுப்பினர்களின் ஓட்டுக்கே போகவில்லை, பிரதிநிதிகளே நிறுத்திவிட்டார்கள்.

பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போகலாமே?

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே வரும். விமானிகளுக்கு அது அவ்வளவு எளிதல்ல. காரணம், சீனியாரிட்டி. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, பண்டிகைக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன் ஆவது... எல்லாமே நிறுவனத்தில் சேர்ந்த தேதியை வைத்த வரிசை எண்ணைப் பொறுத்தது. 20 வருட கேப்டன் வேறு பெரிய நிறுவனத்துக்குப் போனால், வரிசையின் கடைசியில் நின்று புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஆக, வெளியேறும் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. வாழ்க்கையை மாற்ற மிஞ்சியிருக்கும் ஒரே கருவி ஒப்பந்தம். அதைப் பேசும் உரிமை சங்கத்திடம் மட்டுமே இருக்கிறது. சங்கம் சொதப்பினால் அடுத்த வாய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நிறுவனத்தின் மேல் இருக்க வேண்டிய கோபம் பாதி வழியில் சங்க அலுவலகத்தின் பக்கம் திரும்புகிறது.

சட்டம் போடும் வேகத்தடை

அமெரிக்காவில் விமானிகள் நினைத்த நேரத்தில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1926-ல் ரயில் தொழிலாளர்களுக்காக வந்த ரயில்வே லேபர் சட்டம், 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்துகிறது. இதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது. ‘திருத்தத்துக்கு உரியது’ ஆகும், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய விதிகளே தொடரும்.

பேச்சு நின்றால் தேசிய மத்தியஸ்த வாரியம் நடுவில் வரும். ‘இனி பேசிப் பயனில்லை’ என்று அந்த வாரியம் விடுவித்தால்தான் 30 நாள் காத்திருப்பு தொடங்கும். அது முடிந்த பிறகே வேலைநிறுத்தம். அப்போதும் அதிபர் அவசரக் குழு அமைத்துத் தள்ளிப்போடலாம். அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் விமானிகள் கடைசியாக வேலைநிறுத்தம் செய்தது 2010-ல், ஸ்பிரிட் ஏர்லைன்ஸில்.

உறுப்பினருக்குத் தெரிவது மாதக்கணக்கில் மூடிய அறை, ரகசியப் பேச்சு, வராத சம்பள உயர்வு. ‘உள்ளே என்னதான் பண்றாங்க?’ என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

தலைமை பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. எதிரில் இருப்பவர் எவ்வளவு இறங்குவார் என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். மத்தியஸ்தர் இழுத்தடித்தால் ஓராண்டு ஓடிவிடும் என்பதும் தெரியும். மேலும், விமானிகள் எல்லோருக்கும் ஒரே தேவை இல்லை. 65 வயதில் கட்டாய ஓய்வு என்பதால், 63 வயது கேப்டனுக்கு உயர்வு இன்றே வேண்டும். 30 வயது ஃபர்ஸ்ட் ஆபீஸருக்கோ, லீவு நாளில் போன் அடித்து வேலைக்குக் கூப்பிடாத ஷெட்யூல்தான் பெரிது. ஒரே காகிதத்தில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆனால் 94 சதவீத எதிர்ப்பைத் தலைமுறை வேறுபாடு என்று ஒதுக்க முடியாது. அது வயது, பதவி எல்லாம் தாண்டிய ‘நோ’. உறுப்பினர்களின் மனநிலையைத் தலைமை தவறாகக் கணித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

‘நோ’ சொன்னதால் என்ன கிடைத்தது?

2023 மார்ச்சில் டெல்டா விமானிகள், நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதுவே புதிய அளவுகோல் ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் யுனைடெட் விமானிகள் 82 சதவீத ஆதரவோடு ஏற்ற ஒப்பந்தம், நான்கு ஆண்டுகளில் அதிகபட்சம் சுமார் 40 சதவீத உயர்வைத் தந்தது. அதற்குள் சங்கத்தின் தலைவரும் மாறியிருந்தார்.

இரண்டு டீல்களின் கால அளவு வேறு என்பதால், 14-ஐயும் 40-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, இந்த உயர்வுக்கு ‘நோ’ மட்டுமே காரணமில்லை. விமானிகள் தட்டுப்பாடும், இடையில் வந்த டெல்டா டீலும் கைகொடுத்தன. மார்க்கெட் சரிந்திருந்தால் அதே ‘நோ’ பெரிய நஷ்டமாகியிருக்கலாம்.

காத்திருப்புக்கும் விலை உண்டு. 2015 ஜூலையில் டெல்டா விமானிகள் ஒரு டீலை 65 சதவீத எதிர்ப்போடு நிராகரித்தார்கள். அடுத்த ஒப்பந்தம் 2016 டிசம்பரில்தான் நிறைவேறியது. கிட்டத்தட்ட 17 மாதங்கள்!

அடுத்த ரவுண்டுக்கு என்ன பாடம்?

பேச்சுக்கு முன் சங்கத்துக்குள் சண்டை நடந்தால், ‘இவங்க பிரிஞ்சு கிடக்கிறாங்க’ என்று நிர்வாகம் சந்தோஷப்படும் என்பது பொதுவான எண்ணம். யுனைடெட் கதை வேறு விதமாகச் சொல்கிறது. கோபத்தை எண்ணிப் பார்க்க ஒரு ரகசிய வாக்குச்சீட்டு இருந்தால், அந்தக் கோபமே பேச்சுவார்த்தையில் பலமாகிறது. ‘என் ஆட்கள் இதை ஏற்க மாட்டாங்க’ என்று தலைவர் சொல்லும்போது, அது வெறும் மிரட்டல் இல்லை என்று எதிர்த்தரப்புக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கோபத்தைக் கையெழுத்துக்கு முன்பே கேட்பதா, அல்லது 94 சதவீதமாக வந்து விழுந்த பிறகு கேட்பதா? நிர்வாகத்தோடு பேச உட்காரும் முன் ஒவ்வொரு சங்கத் தலைமையும் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.