நூலகர் வெறும் காவலர் அல்லர்

கைத்தொலைபேசிக்குள் உலகமே அடங்கிவிட்டதாம். ஆகவே நூலகமும் நூலகரும் இனி வேண்டியதில்லையாம்! படித்தவர்களிற் சிலரே இவ்வாறு பேசத் தொடங்கியுள்ளனர். இது அறியாமையால் எழும் பேச்சு மாத்திரமன்று. நமது இனத்துக்குக் கேடு விளைக்கக்கூடிய பேச்சுமாகும்.

சாவியைக் கையில் வைத்து நூல்களைக் காப்பவரே நூலகர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கே. எம். செல்லப்பா 1933இல் தமது இல்லத்தில் தொடங்கிய முயற்சி, பொதுமக்களின் ஆதரவால் வளர்ந்து, 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமாக நிமிர்ந்து நின்றது. 1981 மே மாத இறுதியில், ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் அது சாம்பலாக்கப்பட்டது. கட்டடம் மீண்டும் எழுந்தது. விலைக்குக் கிடைத்த நூல்கள் மீண்டும் வந்தன. ஒரேயொரு பிரதியாக இருந்தவற்றை எவர் மீட்டுத் தந்தார்?

அந்நெருப்புக் கற்பித்த பாடம் இதுவே: ஓரிடத்தில் ஒரு பிரதியைப் பூட்டி வைப்பது காப்பாகாது, பல பிரதிகளாக்கிப் பல இடங்களில் வைப்பதே காப்பு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இதனை முன்னரே உணர்ந்தார். அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அன்றைய கருவி அச்சியந்திரம். இன்றைய கருவி மின்வருடியும் கணினியும். 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் படிக்குமாறு இணையத்தில் ஏற்றி, அப்பணியையே தொடர்கின்றது.

அவ்வாறாயின் நூலகருக்கு இனி என்ன வேலை? சட்டத் தொழில் புரிபவன் என்ற முறையில் கூறுகின்றேன்: பிரதியொன்று நீதிமன்றில் ஏறவேண்டுமாயின், அது மூலத்துக்கு மாறில்லாத உண்மைப் பிரதியென உரியவர் அத்தாட்சிப்படுத்தவேண்டும். 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர் இருவர், செயற்கை நுண்ணறிவு புனைந்து கொடுத்த தீர்ப்புகளை மெய்யென நம்பி நீதிமன்றில் சமர்ப்பித்தனர். அவர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பொறி விடை தரும், விடைக்குப் பொறுப்பேற்காது. இது எந்தப் பதிப்பு, எங்கிருந்து பெறப்பட்டது, எந்தப் பக்கம் குறைகின்றது என்று கூறிப் பொறுப்பேற்பவரே நூலகர்.

கமக்காரருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோருமாறு கூறிற்று. உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. தடை கிடைத்திராவிடின் என்ன நேர்ந்திருக்கும்? வர்த்தமானி இணையத்தில் இருக்கின்றது. வயலில் நிற்பவருக்கு அதனை எடுத்துச் சொல்வார் யார்? பத்திரிகையை உரக்க வாசித்து ஊருக்குச் செய்தி சொன்ன இடம் நமது வாசிகசாலை. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, அறிவித்தலைக் கண்டெடுத்து, “இன்ன திகதிக்கு முன் உறுதியோடு செல்லுங்கள்” என்று கூறுவாராயின், அது ஒரு குடும்பத்தின் காணியைக் காக்கும் தொண்டாகும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு பிரதேச சபை நூலகத்திலும் தகுதிபெற்ற நூலகர் ஒருவரும், கணினியும், மின்வருடியும் இருத்தல்வேண்டும். ஊர்ப் பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், வீடுகளிலுள்ள ஏடுகள், பழைய உறுதிகள் ஆகியவற்றை உரியவர் சம்மதத்துடன் படியெடுத்து, மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்தல்வேண்டும். இப்பணிக்கான பயிற்சியையும் பணத்தையும் சபைகள் தமது வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்குதல்வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியைப் பற்றிக் கேட்கும் நாம், நூலகத்தைப் பற்றியும் கேட்போமாக.

எரிந்தவற்றுக்காக அழுதோம்; அழுதது நியாயமே. எஞ்சியவற்றைக் கறையான் தின்னுமாயின், எவரைக் குற்றஞ்சாட்டப் போகின்றோம்?