மருந்தியற் கல்லூரி புகுவார்க்கு

மருந்தியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணாக்கரை, "எத்துறையில் தேர்ச்சி பெறக் கருதுகின்றீர்?" என வினவின், மருந்து செய் தொழிற்சாலை என்பர்; அன்றேல் மருத்துவமனைப் பணி என்பர். வேர், பட்டை, பச்சிலை முதலிய சரக்குகளின் மெய்யும் பொய்யும் ஆராயும் 'பார்மகாக்னஸி'யை விரும்பினோம் என்பார் மிகச் சிலர். அச்சிலரை நகையாடுதல் தகாது என்பது எம் கருத்து. தமிழ் பயில்வார்க்கு மருந்துச் சரக்கில் என்ன வழக்கு என்று கேளற்க. இவ்வழக்கிற் பாதி சொல்வழக்கே.

ஆடாதோடை நம் பாட்டிமார் இருமலுக்குக் கைக்கொண்ட செடி. ஆடுதீண்டாப்பாளை என்பதோ வறண்ட நிலத்தில் தரையோடு படரும் வேறொரு பூண்டு. இரு பெயர்க்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: ஆடு வாய்வையாதது. ஆயினும் பின்னதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் பொருள் உளது; அது சிறுநீரகத்தைக் கெடுப்பதன்றிப் புற்றுநோய்க்கும் வித்தாவது. வாங்குவோன் பெயரைக் குழறினாலும், விற்போன் மூட்டையை மாற்றினாலும், பொடியாக்கிய பின் எது எதுவெனக் கண்ணாற் காண்டல் அரிது. நன்னாரி என்று மாகாளிக்கிழங்கை விற்கும் கடைவீதியில் இது நிகழாதென்று யார் பிணை நிற்பர்?

இது வீண் அச்சமன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிதற்கென மருந்துண்ட மாதருள் ஏறக்குறைய நூறு பேர் சிறுநீரகம் பழுதுற்றனர். 'ஃபாங்ஜி' எனப்படும் சீன வேரிருக்க வேண்டிய இடத்தில் 'குவாங் ஃபாங்ஜி' என்னும் நச்சு வேர் புகுந்துவிட்டது. ஓர் அடைமொழி செய்த கேடு இது! இலக்கண வகுப்பில் அடைமொழியைப் பயனற்ற பாடமென உறங்கும் நண்பர்கள் இதனைச் சிறிது எண்ணுவார்களாக.

இனிக் குடுமியான்மலைக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமையிலுள்ள அக்குன்றில், 7ஆம் நூற்றாண்டினதென அறிஞர் கொள்ளும் இசைக் கல்வெட்டு ஒன்றுண்டு. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய ஓரரசன் மாணாக்கர் நன்மையின்பொருட்டு அதனைச் செய்தான் என்று அதன் இறுதியிற் காண்கிறது. சுரங்களைப் பாறையில் வெட்டுவித்த அவனையும், "இதனால் வரும்படி யாது?" என்று கேட்டவர் அக்காலத்தும் இருந்திருப்பர். அவ்வூரில் இன்று வேளாண்மைக் கல்லூரியும் உளது. அத்தகைய ஊரிற் பிறந்து, வேலியோரத்துச் செடியைப் பெயர் சொல்லி அறியும் இளைஞன், நகரத்து மாணாக்கன் விலை கொடுத்தும் பெறவியலாத முதலொன்றைக் கையிற் கொண்டே கல்லூரி வாயிலிற் புகுகின்றான். அதனை மறைத்துக்கொள்ள அவனுக்கு யார் கற்பித்தனர்?

இளநிலைப் படிப்பு நான்காண்டும் யாவர்க்கும் பொதுவே. தனித்துறை முதுநிலையிலேதான் பிரியும். ஆகவே கல்லூரியைத் தேரும்போதே, அங்கு மூலிகைத் தோட்டம் உண்டா, அத்துறையில் முதுநிலை வகுப்பு உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். கட்டடத்தின் உயரத்தைக் கேட்பார் பலர். தோட்டத்தைக் கேட்பார் அரியர்.

இத்துறையில் வேலை குறைவு என்பார் கூற்று முற்றும் பொய்யன்று. தொழிற்சாலைகள் அழைக்குமளவு இஃது அழைப்பதில்லை. எனினும், 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் 1964இல் திருத்தப்பெற்ற பின்னர், நாட்டு மருந்துகளும் சட்டத்திற்கு உட்பட்டன. சரக்கு இன்னதென்று சான்றுரைப்பார் இல்லாமல் அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். சீனத்தில் 1951இல் மருந்தியல் பயிலப் புகுந்து, அங்கும் சிலரே நாடிய இத்துறையைத் தேர்ந்தார் தூ யூயூ என்னும் பெண்மணி. 4ஆம் நூற்றாண்டு ஏடொன்றில், மூலிகையைக் காய்ச்சாது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியிருத்தலைக் கண்டு, தாமும் வெப்பம் குறைத்துச் சாறெடுத்தார். மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. 2015இல் நோபெல் பரிசும் வந்தது. பழைய நூலைக் கற்றறிந்து படிக்க ஒருவர் இருந்தமையால் விளைந்தது இது.

நம் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் கூடி, ஒரு விடுமுறையிற் குடுமியான்மலைப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, செடிப்பெயர்களை முதியோர் வாய்மொழியாகவே எழுதி, ஒவ்வொன்றற்கும் உலர்ந்த கிளையொன்றைச் சேர்த்துவைத்தல் கூடும். செலவு பெரிதன்று, பேருந்துக் கட்டணமும் பழைய செய்தித்தாட்களும் போதும். ஆடுதீண்டாப்பாளையிலிருந்து தொடங்குவோம்.