வண்டியின் மேனியில் பிடிவாதக் கறை

விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் ஏற்காடு சென்று வருவோர் நம்மில் பலர். படுக்கையும் அடுப்பும் பொருத்திய முகாம் வண்டியாயினும், பத்துப் பேர் அமரும் சாதாரண வேனாயினும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கியபின் அதன் வெளிப்புறத்தைச் சற்றே நோக்குங்கள். செம்மண் பூச்சு, தார்ப்புள்ளி, மரப்பால், பறவை எச்சம் என அனைத்தும் அங்கே குடியேறியிருக்கும்.

கண்டவுடன் ஈரத்துணியால் தேய்க்கத் தொடங்காதீர்கள். சேர்வராயன் மலையின் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்புத் துரு. அதனுடன் நுண்மணலும் கலந்திருக்கும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் பாக்சைட் சென்றதும் இம்மலையிலிருந்துதான். தேய்க்கத் தேய்க்க அம்மண் உப்புத்தாளைப் போல் வண்ணத்தைக் கீறிவிடும். முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். சோப்பு நீரும் மென்துணியும் அதன் பிறகே.

காப்பித் தோட்டங்களின் நிழலில் வண்டியை நிறுத்துவது சுகமே. ஆனால் பலாமரத்தின் பால் சொட்டிவிட்டால் தண்ணீருக்கு அது அசையாது. எங்கள் மதரஸாவின் சமையற்காரர் பலாப்பழம் அரியுமுன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். வண்டிக்கும் அதே வழிதான். எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டால் பால் இளகிப் பெயரும். தாரும் எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததே. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். வெயிலில் கொதிக்கும் தகட்டின் மீதோ, அடுப்பின் அருகிலோ இதனைச் செய்யலாகாது. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நலம்.

பறவை எச்சத்தை நாளைக்கென்று ஒத்திவைக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் வண்ணத்தை அரித்துத் தழும்பாக்கிவிடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போர்த்திவையுங்கள். ஊறியபின் தேய்க்காமலே வந்துவிடும். பாத்திரம் துலக்கும் தூளும் கம்பி நாரும் வண்டியின் பக்கமே வரவேண்டாம். கறையோடு பளபளப்பும் போய்விடும்.

இவற்றையெல்லாம் மலையிலேயே முடித்துவிடலாமே என்று சிலர் ஏரிக்கரையிலும் ஓடைகளிலும் வண்டியை இறக்குகின்றனர். இதனை என்னால் ஏற்க இயலவில்லை. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர்ப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 அடி உயர அருவியாய் விழுகின்றது. மேலே கழுவிய மண்ணெண்ணெயும் சோப்பு நுரையும், கீழே குழந்தைகளோடு குளிப்போரின் தலையிலன்றோ விழும்! வீடு திரும்பி, இரண்டு வாளித் தண்ணீரில் செய்துகொள்ளலாம்.

சமவெளியில் உங்கள் கிணற்று நீர் உப்பு மிகுந்ததாயின் வண்டியைத் தானாக உலரவிடாதீர்கள். வெள்ளைத் திட்டுகள் படியும். உலர்ந்த பருத்தித் துணியால் உடனே ஒற்றுங்கள். முன்னரே படிந்த திட்டுகளுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, நல்ல நீரால் அலசிவிட்டு, மெழுகுப் பாலிஷ் பூசுங்கள். அடுத்த பயணத்தில் கறை எளிதில் பற்றாது.