சட்டப்படி இரண்டு சக்கரம்

எங்கள் தெருப் பையன்கள் ஆறு மாதமாக என்னை 'ஷோலே அங்கிள்' என்று கூப்பிடுகிறார்கள். 1975-ல் வந்த படம். அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் சைடு கார் வைத்த பழைய மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே போவார்கள். நடுவில் சைடு கார் கழன்று தன் பாட்டுக்கு ஓடும். அப்புறம் சமர்த்தாக வந்து ஒட்டிக்கொள்ளும். "இது உங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். "தாத்தா சொன்னாரு அங்கிள்" என்றார்கள். ஆக, வீட்டுக்கு வீடு என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது.

நான் பாடுவதில்லை. என் சைடு காரும் கழன்று ஓடியதில்லை. ஒரே ஒரு தடவை எழுந்து நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாமனாரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமாவிடம் ஒரு புல்லட். 1971 மாடல், 350 ஸி.ஸி. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய வம்சத்து வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பட்டன் ஸ்டார்ட் தலைமுறைக்கு அதைக் கிளப்பும் முறையைச் சொல்ல வேண்டும். ஹெட்லைட் மேலே உள்ள ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெள்ள அழுத்த வேண்டும். பிறகு டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு இழை இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் உதை. தப்பாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும். மாமா தினமும் காலையில் இதைப் பூஜை மாதிரிச் செய்வார்.

என் கல்யாணத்தன்று அவர் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "பொண்ணைப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை. வண்டியைத் தொடாதீங்க." பெண்ணைக் கொடுத்த மனுஷர் கடைசிவரை சாவியைக் கொடுக்கவில்லை.

அப்புறம் முழங்கால் போயிற்று. ஒன்றல்ல, இரண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறார், மாடி ஏறுகிறார். ஆனால் காலைத் தூக்கி ஸீட்டுக்கு அந்தப் பக்கம் போட முடியவில்லை. கிக்கர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி மாடிப்படிக்குக் கீழே மூன்று வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வயரிங்கை எலி சாப்பிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் எடுக்க வந்த காயலாங்கடைக்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, கிலோ கணக்கில் விலை சொன்னார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். டி.வி.யை ஆன் பண்ணாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பி.காம். வருமான வரிக் கணக்கில் போடுவதுபோல் வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டேன். 6,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியின் மதிப்பு 50 வருடத்தில் 1 ரூபாய் 77 காசு. படிப்பு எவ்வளவு அபத்தமானது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வாசலில் காயலாங்கடைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "வண்டி வேணாம்னா விடுங்க ஸார். புதுப்பேட்டைல ஒரு சைடு கார் தொட்டி கிடக்குது, அதையாவது வாங்கிக்குறீங்களா?" விற்க முடியாவிட்டால் விற்றுவிட்டுப் போகிறவர்தான் வியாபாரி.

புதுப்பேட்டையில் லாரி பானெட்டுகளுக்குக் கீழே அது இருந்தது. அடித்தகடு முழுக்கத் துரு. உள்ளே ஒரு பூனைக் குடும்பம். 18,000 சொன்னார்கள், 11,000-க்கு முடித்தேன். பூனைகள் கணக்கில் சேராது.

மனைவி பார்த்துவிட்டு, "சர்க்கஸ் சேரப்போறீங்களா?" என்றாள். நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். 1903 ஜனவரியில் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிள் கார்ட்டூனாக வந்தது. மூன்றே வாரத்தில் கிரஹாம் என்பவர் நிஜமாகவே அதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். ஜாகுவார் கார் தெரியுமில்லையா? அந்தக் கம்பெனியே 1922-ல் பிளாக்பூல் என்ற ஊரில் சைடு கார் செய்துதான் தொழிலை ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "அவங்க வித்தாங்க. நீங்க வாங்கறீங்க" என்றாள்.

செலவை இரண்டு நோட்டில் எழுதினேன். ஒன்று எனக்கு, ஒன்று அவள் பார்ப்பதற்கு. இரண்டாவது வாரமே இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள், வித்தியாசத்தை சிவப்பு மையில் எழுதி. அவள் எம்.காம்.

என்ஜின் வேலையை மெக்கானிக் பாய் பார்த்துக்கொண்டார். போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். புது வயரிங், புது டயர். இதெல்லாம் பணம் கொடுத்தால் நடக்கிற காரியம். மூளை தேவைப்பட்டது சைடு காரை மாட்டும் இடத்தில். இந்தப் புல்லட்டில் என்ஜினுக்கு அடியில் ஃப்ரேம் குழாய் கிடையாது. என்ஜினே ஃப்ரேமின் ஒரு துண்டு. அதில் போய் வெல்டிங் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் எல்லாம் தனித்தனியாக வீடு போய்ச் சேரும். ஆகவே அடியில் துணை ஃப்ரேம் ஒன்று செய்து, கிளாம்ப் போட்டு, கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு இடத்தில் பிடித்தார் பாய்.

இதுவரை மாமா வெளியே வரவில்லை. பேரனுக்காக ஏதோ செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"அதுல யாரு உக்கார்றது?"

"நீங்கதான் மாமா."

"நான் என்ன காய்கறிக் கூடையா?"

ஜன்னல் சாத்தப்பட்டது. நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை.

ஐந்தாம் நாள் நானும் பாயும் மூன்று சக்கரத்தையும் நேர்கோட்டில் நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். அச்சு அசலாக இணையாக நிறுத்திவிட்டு நான் பெருமையோடு நிமிர்ந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "நேரா வெச்சா நேரா போகாது."

மாமா. கையில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டும் இரண்டு நீள அலுமினியக் கட்டைகளும். பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, எங்கள் இருவரையும் வேலை வாங்கினார். தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜாதி.

விஷயம் இதுதான். சைடு கார் இடப்பக்கம் தொங்குவதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட சைடு கார் சக்கரம் ஒரு துளி உள்பக்கமாக, பைக்கைப் பார்த்து இருக்க வேண்டும். கட்டைகளைச் சக்கரங்களோடு ஒட்டி வைத்து அளந்தோம். முன்னால் இடைவெளி பின்னால் இருப்பதைவிட 18 மில்லிமீட்டர் குறைவு. அதேபோல பைக் செங்குத்தாக நிற்கக் கூடாது. ஒரு டிகிரி வலப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். ஆள் உட்கார்ந்ததும், ரோட்டின் சரிவில் ஓடும்போதும் தானாக நிமிர்ந்துகொள்ளும். தூக்குக்குண்டு அதற்கு. சைடு கார் அச்சு, பின்சக்கர அச்சுக்கு ஒரு சாண் முன்னால். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம். இருப்பது 18 குதிரைச் சக்தி. பாவம், தொட்டியையும் சேர்த்து இழுக்க வேண்டுமே.

"இதெல்லாம் எங்க மாமா கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்க என்ன இருக்கு? யோசிச்சா வரும்."

எனக்கு வராததைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

முதல் ஓட்டம். காலி சைடு கார். இருபது வருடமாக பைக் ஓட்டுகிறவன் என்ற திமிர் எனக்கு. பைக் என்றால் திரும்புவதற்கு உடம்பைச் சாய்த்தால் போதும். இது சாயாது. ஆட்டோ மாதிரி ஹாண்டில்பாரைத் திருப்பியாக வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இடப்பக்கம் போகும். பிரேக் பிடித்தால் சைடு கார் முன்னால் தள்ளிக்கொண்டு வண்டியை வலப்பக்கம் திருப்பும். வலப்பக்கம் என்றால் தண்ணி லாரி வருகிற பக்கம். இத்தனையும் எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாதே.

தெருமுனையில் இடதுபுறத் திருப்பம். சாய்ந்தேன். வண்டி நேராகப் போயிற்று. பதறி ஹாண்டில்பாரை ஒடித்தேன். சைடு கார் சக்கரம் தரையை விட்டு இரண்டடி எழுந்தது. எப்படி இறங்கியது என்று தெரியாது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது இஸ்திரி வண்டிக்கு ஓரடி முன்னால் நின்றிருந்தேன். பெட்டிக்குள் கரி கனிந்துகொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "துணி போடணும்னா நடந்தே வரலாமே ஸார்."

மாமா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போய், அத்தை கத்தக் கத்த, 25 கிலோ அரிசி மூட்டையைக் காட்டி, "இதைத் தூக்கிப் போய் உள்ள வைங்க" என்றார். ஒரு மாதம் நானும் பொன்னி பச்சரிசியும் ஜோடியாக ஊரைச் சுற்றினோம்.

இடையில் ஆர்.டி.ஓ. படலம். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'வி.ஏ.' என்று கௌரவ எழுத்துகள் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. தவிர, பெரிதாக எதையும் மாற்றியிருக்கக் கூடாது. காய்கறி வாங்கப் போக முடியாத கௌரவம் எதற்கு? சாதாரணப் பதிவையே புதுப்பித்து, சைடு காரை ஆர்.ஸி. புத்தகத்தில் ஏற்ற மனுப் போட்டேன். கேட்காமல் மாட்டினால் தப்பு, ஞாபகம் இருக்கட்டும்.

பார்க்க வந்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார்.

"எத்தனை சக்கரம்?"

"சட்டப்படி இரண்டு ஸார்."

முறைத்தார். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(27)-ஐக் காட்டினேன். மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கர வண்டி. கழற்றக்கூடிய, தனிச் சக்கரமுள்ள சைடு காரும் அதில் அடக்கம். படித்தார். மறுபடியும் சக்கரங்களை எண்ணினார். மூன்றுதான். "சட்டம் எழுதினவன் கணக்குல வீக்கா?" என்றபடி கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர்.

எல்லாம் முடிந்தும் மாமா ஏறவில்லை. நான் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். தினமும் வாசலில் நின்று, நான் இடதுபுறம் திரும்புவதை மட்டும் உற்றுப் பார்ப்பார். ஒருநாள் சாயங்காலம் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னும் லேசாத் தூக்குது மாப்பிள்ளை. 25 கிலோ பத்தாது."

"எவ்வளவு வேணும் மாமா?"

வானத்தைப் பார்த்து யோசித்தார். "ஒரு அறுபது, அறுபத்திரண்டு கிலோ இருந்தா சரியா இருக்கும்."

அவர் எடை 62 கிலோ. போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள்.

அரிசி மூட்டையை இறக்கினேன். ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கமாகத் தன்னை இறக்கிக்கொண்டார். கிளப்பினேன். "டேப்பட் சத்தம் கேக்குது பாருங்க" என்றார் முதல் வார்த்தையாக.

தெருமுனை. இடதுபுறம். நான் வேகம் குறைப்பதற்குள் மாமா எழுந்து, வலது கையால் கம்பியைப் பிடித்து, பாதி உடம்பை இடப்பக்கம் வெளியே சாய்த்தார். சக்கரம் பசை போட்டதுபோல் தரையோடு போயிற்று. அடுத்து வலதுபுறம். என் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரத்துப் பக்கம் சாய்ந்தார். 1949-லிருந்து சைடு காருக்கென்று உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. அதில் பக்கத்தில் இருப்பவர் இப்படித்தான் அங்குமிங்கும் பாய்வார். மாமா அதையெல்லாம் பார்த்ததில்லை. யோசித்தால் வரும்போல.

இப்போது வாரம் இரண்டு தடவை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறோம். "லெஃப்ட்டு!" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் நான் திருப்ப வேண்டும். தப்பான கியரில் போனால் முழங்கையால் இடிக்கிறார்.

போன வியாழக்கிழமை திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மோர் கேட்டார். அத்தைக்கு ஆச்சரியம். "சும்மா உக்காந்துட்டு வந்தவருக்கு என்ன களைப்பு?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மாவா? நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

"பாதி வண்டி மாமாதான் ஓட்டினார் அத்தை" என்றேன்.

"பாதியா?" என்றார் மாமா.