மூன்று நகர்த்தலில் வம்பு

செஸ் ஆட மனப்பாடம் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கரண்ட் பில் தேதி, ரேஷன் கார்டு நம்பர் என்று ஞாபகம் வைக்க ஏற்கெனவே ஏராளம். இதில் சிசிலியன் தடுப்புக்கு இருபது நகர்த்தலா? கறுப்பு கிடைத்தால் என் சாய்ஸ், புடாபெஸ்ட் கேம்பிட்.

வெள்ளை, ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். நீங்கள் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்கிறீர்கள். அவர் சி4-க்கு இன்னொரு சிப்பாயைத் தள்ளினதும், உங்கள் ராஜாச் சிப்பாயை ஈ5-ல், அவர் வாயருகே வையுங்கள். சாப்பிடுவார். உடனே குதிரை ஜி4-க்குப் பாய்ந்து, சாப்பிட்ட சிப்பாயை முறைக்கும். பாடம் அவ்வளவுதான். போன சிப்பாய் பெரும்பாலும் வசூலாகிவிடும். பி.காம். படித்தவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

அவர் விடாமல் பிஷப், குதிரை என்று காவல் போடுவார். நீங்கள் அடுத்த குதிரையை எடுத்து, பி4-ல் பிஷப்பால் செக் சொல்லுங்கள். அவர் டி2-ல் குதிரையை வைத்து மறைப்பார். ராணியை ஈ7-ல் நிறுத்துங்கள். அவர் ஓரச் சிப்பாயால் உங்கள் பிஷப்பை மிரட்டுவார். கண்டுகொள்ளாதீர்கள், ஜி4 குதிரையால் ஈ5 சிப்பாயைத் தின்னுங்கள். ஆசைப்பட்டு பிஷப்பை எடுத்தாரோ, போச்சு! குதிரை டி3-ல் வந்து உட்காரும். எட்டாவது நகர்த்தலில் மேட். அதை வெட்டக்கூடிய ஒரே சிப்பாய் நகர்ந்தால் உங்கள் ராணியிடம் ராஜா மாட்டுவார். ராஜா நகரலாமென்றால் சுற்றிலும் சொந்தக்காரர்கள் நெரிசல், டவுன் பஸ் மாதிரி.

1918-ல் பெர்லினில் மிலன் விட்மர், அன்றைய ஜாம்பவான் ரூபின்ஸ்டைனோடு ஆட வேண்டியிருந்தது. என்ன ஆடுவதென்று ஹங்கேரிக்காரர் அபோனியிடம் கேட்டார். கிடைத்த பதில் இதுதான். 24 நகர்த்தலில் ரூபின்ஸ்டைன் அவுட். அவர் ராஜாவைப் பாதிப் பலகை தாண்டி கறுப்பின் எல்லைக்குள்ளேயே இழுத்து வந்துவிட்டார் விட்மர். தொழிலால் அவர் மின் பொறியாளர் என்பது நம்மைப் போன்ற பகுதிநேரக்காரர்களுக்கு ஆறுதல். (பிற்பாடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வாங்கினார். அதை வெளியே சொல்ல வேண்டாம்.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை பேராசைப்படாமல் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து, ஒழுங்காகக் காய்களை வெளியே எடுத்தால் அவருக்குத்தான் கொஞ்சம் சௌகரியம். கம்ப்யூட்டரும் அதையே சொல்கிறது. ஆனால் எதிரே உட்காருவது கம்ப்யூட்டர் இல்லையே! எங்கள் மாடி வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் பதினைந்து நகர்த்தல் கடகடவென்று ஒப்பிப்பான். மூன்றாவது நகர்த்தலில் நிமிர்ந்து, "இது புக்லயே இல்லையே அங்கிள்?" என்றான். அவன் புக்கில் இல்லை. அப்புறம் அரை மணி நேரம் அவனும் யோசித்தான், நானும் யோசித்தேன். டிரா.

இப்போதெல்லாம் இரண்டாவது நகர்த்தலில் சிப்பாய்க்குப் பதிலாகக் குதிரையை எடுக்கிறான். அப்படி எடுத்தால் புடாபெஸ்ட்டுக்கு வழியில்லை. வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.